பகிடியும் சிரிப்பும்: நாம் ஏன் சிரிக்கிறோம்?

உயர்தர வகுப்பில் நாங்கள் சேர்ந்த முதலாம் தவணை அது. கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு மாணவி எமது வகுப்புக்குப் புதிதாக வந்திருந்தாள். தமிழ்ப் பாடவேளையில் ஆசிரியை அவளை எழுப்பி, முதல் நாள் படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லுமாறு கேட்டார். அவளும் தயங்காமல் எழுந்து தெளிவாகச் சொல்லத் தொடங்கினாள். “அவன் ஊருக்குப் போனான். மறுகா...” என்றாள். பின்வரிசையில் ஒருத்தி “மறுகாவா?” என்று மெல்லக் கேட்டாள். அவ்வளவுதான், முழு வகுப்பும் சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அவளும் எங்களோடு சேர்ந்து புன்னகைத்தாள். மீதிக் கதையை இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டு அமர்ந்தாள். அந்தத் தவணை முடியும்வரை அவள் தானாகக் கையை உயர்த்தவே இல்லை.

‘மறுகா’ என்பது மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் ‘பிறகு’ என்ற பொருளில் வழங்கும் சொல். மறுநாள், மறுபடி, மறுமுறை என்று நாம் அன்றாடம் சொல்லும் அதே ‘மறு’தான் அதிலும் இருக்கிறது. அந்தச் சொல்லில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ‘இருக்கிறது’ என்பதை நாம் ‘ஈக்கிது’ என்கிறோமே, அதை அவளுடைய ஊரில் போய்ச் சொன்னால் அங்கே எத்தனை பேர் சிரிப்பார்கள்! அப்படியானால் அன்று நான் எதற்காகச் சிரித்தேன்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடி வாசித்தவற்றையும் யோசித்தவற்றையும் தோழிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியம் காட்டும் நான்கு

நமது மொழியின் மிகப் பழைய இலக்கண நூலே சிரிப்பைப் பற்றிப் பேசுகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் மனித உணர்வுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் முதலாவதாக நகையை வைக்கிறது. அந்த நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது.

இவற்றை நம் வீட்டிலேயே காணலாம். ரமழானில் சின்னத் தம்பி வாய் நிறையப் பேரீச்சம்பழத்தோடு வந்து “நானும் நோன்பு” என்கிறான், நாம் சிரிக்கிறோம். இது இளமை பற்றி வந்த நகை. விருந்தினருக்கு ஊற்றிய தேநீரில் சீனி என்று நினைத்து உப்பைப் போட்டுவிடுகிறோம். ஒன்றை மற்றொன்றாகக் கொண்ட அறியாமை, அதாவது பேதைமை, இங்கே நகைக்குக் காரணமாகிறது. “பால் பொங்கும்போது பார்த்துக்கொள்” என்று உம்மா சொல்லிவிட்டுப் போகிறார். திரும்பி வந்தால் பால் முழுவதும் அடுப்பில். “பொங்கும்போது நல்லாப் பார்த்தேன் உம்மா” என்கிறாள் தங்கை. சொன்னதைச் சொன்னபடியே பிடித்துக்கொண்டு விடாமலிருக்கும் இந்தக் குணத்தைத்தான் மடன் என்கிறார்கள்.

எஞ்சியிருப்பது எள்ளல், அதாவது ஒருவரை இகழ்ந்து சிரிப்பது. நான்கில் இதை முதலில் வைத்திருப்பது என்னைச் சிந்திக்க வைத்தது. ‘மறுகா’ என்ற சொல்லைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பு இந்த வரிசைக்குரியதோ என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது.

மேலைநாட்டவர் தந்த மூன்று விளக்கங்கள்

ஆங்கில மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ் 17 ஆம் நூற்றாண்டில் ஒரு கடுமையான விளக்கத்தைத் தந்தார். பிறருடைய குறையைக் காணும்போது ‘நான் அவரைவிட மேல்’ என்ற பெருமை திடீரென எமக்குள் எழுகிறது. அதுவே சிரிப்பாக வெளிப்படுகிறது என்றார். வழுக்கி விழுந்தவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும், மற்றொருவரின் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதற்கும் இது பொருந்துகிறது. ஆனால், நோன்பு பிடித்த தம்பியைப் பார்த்து நாம் சிரிக்கும்போது அதில் பெருமை எங்கே இருக்கிறது? அன்புதான் இருக்கிறது. எனவே இந்த விளக்கம் எல்லாச் சிரிப்புக்கும் போதாது.

ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவல் கான்ட் 1790 இல் வெளியான தமது நூலில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். மனம் ஒன்றை எதிர்பார்த்து விறைத்து நிற்கிறது. அந்த எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமல் போகும்போது சிரிப்பு வருகிறது என்பது அவர் கருத்து. பின்வந்தவர்கள் இதை மேலும் திருத்தி, பொருந்தாத இரண்டு ஒரே இடத்தில் சந்திப்பதே நகைச்சுவை என்றார்கள்.

மூன்றாவது விளக்கம் அடக்கி வைத்த உணர்வு விடுபடுவதைப் பற்றியது. சிக்மண்ட் புரொய்ட் 1905 இல் பகிடிகளைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். நாம் உள்ளே அடக்கி வைத்திருக்கும் அச்சமும் கோபமும் பகிடி என்ற கதவு வழியாக வெளியேறுகின்றன என்றார். மிஸ்டர் பீன் தொடரின் முதல் அங்கம் 1990 இல் ஒளிபரப்பானது. அதில் அவர் பரீட்சை மண்டபத்தில் படும் பாட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். தான் படித்தது ஒன்று, வினாத்தாளில் வந்தது வேறொன்று என்று நினைத்துத் தவிக்கிறார்; பக்கத்தில் இருப்பவரின் விடையை எட்டிப் பார்க்க எத்தனையோ வித்தை செய்கிறார். நேரம் முடியும்போதுதான், தாம் படித்த பாடத்துக்கான வினாத்தாளும் அதே உறைக்குள் இருந்தது அவருக்குத் தெரியவருகிறது. சாதாரணதரப் பரீட்சை எழுதிய எவளும் இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. பரீட்சைக்கு முதல் இரவு எம் எல்லோருக்கும் வரும் கெட்ட கனவு அதுவே. அது இன்னொருவருக்கு, அதுவும் திரையில், நடக்கும்போது எமது பயம் சிரிப்பாக வெளியேறிவிடுகிறது.

ஒரு பகிடியைப் பிரித்துப் பார்ப்போம்

பகிடி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிய, என் உம்மும்மா சொல்லும் முல்லா நஸ்ருத்தீன் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். துருக்கி முதல் இந்தியா வரை பல நாடுகளில் வழங்கும் கதை இது.

முல்லா பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பெரிய சட்டியை இரவல் வாங்கினார். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஒரு சின்னச் சட்டியும் இருந்தது. “இது என்ன?” என்று கேட்டார் அயலவர். “உங்கள் சட்டி எங்கள் வீட்டில் குட்டி போட்டுவிட்டது” என்றார் முல்லா. அயலவர் மகிழ்ச்சியோடு இரண்டையும் வாங்கிக்கொண்டார். சில நாட்களின் பின் முல்லா மீண்டும் அதே சட்டியை வாங்கிப் போனார். ஒரு வாரமாகியும் சட்டி திரும்பி வரவில்லை. அயலவர் தேடிப் போனார். முல்லா முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “என்ன செய்ய, சட்டி மௌத்தாகிவிட்டது” என்றார். “சட்டி எங்காவது மௌத்தாகுமா?” என்று கத்தினார் அயலவர். “குட்டி போட்டது என்றபோது நம்பினீர்கள் அல்லவா?” என்றார் முல்லா.

இக்கதையில் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது, ஒரு பாதை போடப்படுகிறது. இரவல் வாங்குதல், திருப்பிக் கொடுத்தல் என்ற ஒழுங்கு எமது மனத்தில் பதிகிறது. இரண்டாவது, அந்தப் பாதை திடீரெனத் திரும்புகிறது. சட்டி குட்டி போட்டது வேடிக்கைதான். ஆனால் கதை அதோடு முடிந்துவிடவில்லை என்பது ‘மௌத்தாகிவிட்டது’ என்ற சொல்லில்தான் எமக்குத் தெரிகிறது. மூன்றாவது, அந்தத் திருப்பம் எதிர்பாராததாக இருந்தாலும் நியாயமானதாகவும் இருக்கிறது. குட்டி போடும் சட்டி சாகத்தானே வேண்டும்! திருப்பம் வெறும் உளறலாக இருந்தால் நாம் விழித்துக்கொண்டு இருப்போம். முன்பே தெரிந்ததாக இருந்தால் கொட்டாவி விடுவோம். எதிர்பாராததும் பொருத்தமானதும் ஒரே நொடியில் வந்து சேரும்போது சிரிப்பு பிறக்கிறது. பகிடியை விளக்கிச் சொன்னால் சிரிப்பு வராததற்குக் காரணமும் இதுதான். அந்த இரண்டையும் இணைக்கும் வேலையைக் கேட்பவரின் மூளையே செய்ய வேண்டும். நாம் செய்து கொடுத்துவிட்டால் அவருக்குச் சிரிக்க ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. “என்ன செய்ய, சட்டி...” என்று உம்மும்மா ஒரு கணம் நிறுத்துவார். உடைந்துவிட்டதா, களவு போய்விட்டதா என்று எமது மனம் ஓடும். பிறகுதான் ‘மௌத்தாகிவிட்டது’ என்ற சொல் வரும். பகிடி சொல்லத் தெரிந்தவர்கள் அந்த ஒரு கணத்தின் அருமையை அறிந்தவர்கள்.

நபி (ஸல்) அவர்களும் தோழர்களோடு பகிடியாகப் பேசியிருக்கிறார்கள். சவாரி செய்ய ஒரு வாகனம் கேட்டு வந்த மனிதரிடம், ஒட்டகத்தின் குட்டி ஒன்றைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வது என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் இன்னோர் ஒட்டகத்துக்குக் குட்டிதானே என்று அவருக்கு விளக்கினார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் நூல்களில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. குட்டி என்றதும் சிறியது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணமே இங்கே திருப்பப்படுகிறது. சொன்ன சொல்லில் பொய் இல்லை. கேட்டவர் கேலிக்கும் ஆளாகவில்லை; அவர் தமது ஒட்டகத்தைப் பெறப் போகிறார்.

கிச்சுக்கிச்சு மூட்டினால் ஏன் சிரிப்பு வருகிறது?

பகிடி எதுவும் இல்லாமலே சிரிப்பு வரும் இடமும் உண்டு. கிச்சுக்கிச்சு மூட்டும்போது நாம் துடிதுடித்துச் சிரிக்கிறோம். ஆனால் எமக்கு நாமே மூட்டிக்கொண்டால் சிரிப்பு வருவதில்லை. 1998 இல் லண்டனிலுள்ள ஆய்வாளர்கள் சிலர் மூளையைப் படம்பிடித்து இதற்கான காரணத்தை ஆராய்ந்தனர். எமது கை அசையப் போவதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து, அந்தத் தொடுகையின் உணர்வைக் குறைத்துவிடுகிறது என்பதை அவர்கள் காட்டினர். இங்கும் எதிர்பாராமை தேவைப்படுகிறது.

ஆயினும், எதிர்பாராமை மட்டும் போதுமா? வீதியில் போகும் முன்பின் அறியாத ஒருவர் வந்து கிச்சுக்கிச்சு மூட்டினால் நாம் சிரிப்போமா? அலறிவிடுவோம். உம்மா மூட்டினால் சிரிக்கும் குழந்தை, அந்நியர் தொட்டால் அழுகிறது. தொடுகை ஒன்றுதான், பாதுகாப்பு உணர்வு வேறு.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் மக்ரோ, கேலப் வொரன் ஆகிய இருவரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வில் இதை ஒரு பொது விதியாக்கினர். ஏதோ ஓர் ஒழுங்கு மீறப்பட வேண்டும். அந்த மீறல் தீங்கற்றது என்ற எண்ணமும் அதே நேரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கும்போதுதான் சிரிப்பு வரும் என்றனர். மீறல் இல்லாவிட்டால் அலுப்பு. தீங்கு இருந்தால் பயம் அல்லது துக்கம். இடைவேளையில் ஓடிவந்த தோழி வழுக்கி விழுகிறாள். ‘தொப்’பென்று விழுந்ததும் சிரிப்பு பீறிடுகிறது. அவள் எழும்பாவிட்டால் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்துவிடுகிறது. விழுந்த விதம் மாறவில்லை; தீங்கில்லை என்ற எங்கள் நம்பிக்கைதான் உடைந்தது.

இந்த விதியில் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. தீங்கற்றது என்று யார் தீர்மானிப்பது? சிரிப்பவருக்குத் தீங்கற்றதாகத் தெரிவது, சிரிக்கப்படுபவருக்கு அப்படித் தெரியாமல் இருக்கலாம். பிரெஞ்சு மெய்யியலாளர் ஹென்றி பேர்க்சன் 1900 இல் வெளியிட்ட சிரிப்பு பற்றிய நூலில் இதை உணர்த்தினார். உயிருள்ள மனிதர் இயந்திரத்தைப் போல நடந்துகொள்வதே நகைப்புக்கு இடமாகிறது என்பது அவரது முக்கிய கருத்து. சார்லி சாப்ளினின் ‘மொடர்ன் டைம்ஸ்’ (1936) திரைப்படத்தில், தொழிற்சாலையில் திருகாணிகளை முறுக்கி முறுக்கிப் பழகிய தொழிலாளியின் கைகள் வேலையை விட்ட பின்பும் முறுக்கிக்கொண்டே இருப்பதை இதற்குச் சிறந்த உதாரணமாகக் கொள்ளலாம். அத்தோடு பேர்க்சன் இன்னொன்றையும் சொன்னார்: சிரிக்கும் கணத்தில் எமது இதயம் சற்று மரத்துப்போக வேண்டும். பிறர்மேல் இரக்கம் பெருகிவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். சத்திரசிகிச்சைக்கு முன் கொடுக்கும் மயக்க மருந்தைப் போன்றது அது. அன்று எமது வகுப்பு முழுவதும் அந்த மருந்தின் பிடியில்தான் இருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சிரிப்பு ஒரு கூட்டத்தின் மொழி

அமெரிக்க உளவியலாளர் ரொபேர்ட் புரொவைன் ஒரு புதுமையான காரியம் செய்தார். பகிடிகளை ஆராயாமல், கடைகளிலும் நடைபாதைகளிலும் மக்கள் இயல்பாகச் சிரிக்கும் சந்தர்ப்பங்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து குறித்துக்கொண்டார். ஏறத்தாழ 1,200 சந்தர்ப்பங்கள் சேர்ந்தன. அவற்றில் பகிடி என்று சொல்லத்தக்க ஒன்றின் பின் எழுந்த சிரிப்பு 20 வீதத்துக்கும் குறைவு. எஞ்சியவை, ‘சரி, பிறகு சந்திப்போம்’ என்பது போன்ற மிகச் சாதாரணமான பேச்சின் பின் எழுந்தவை. மனிதர் தனியே இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது சிரிப்பது ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் என்றும் அவர் கண்டார்.

இது எமது அனுபவத்துக்கும் ஒத்ததே. தனியே இருந்து பார்த்தபோது புன்னகை மட்டுமே தந்த ஒரு காட்சி, தோழிகளோடு பார்க்கும்போது வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறது. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் சிரிப்பொலியைச் சேர்த்து வைப்பதும் இதனால்தான். சிரிப்பு என்பது ‘நான் உங்களோடு இருக்கிறேன்’ என்று சொல்லும் ஒரு மொழி. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது.

அந்தத் தொற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பெண்கள் பாடசாலையின் வரலாறே சான்று. 1962 ஜனவரி 30 ஆம் திகதி, இன்று தான்சானியா எனப்படும் தங்கனீக்காவில், கஷாஷா என்னும் கிராமத்து விடுதிப் பாடசாலையில் மூன்று மாணவிகள் சிரிக்கத் தொடங்கினர். சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தன. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவி, 159 மாணவிகளில் 95 பேரைப் பிடித்துக்கொண்டது. மார்ச் 18 ஆம் திகதி பாடசாலையை மூட வேண்டியதாயிற்று. மாணவிகள் ஊர் திரும்பிய பின் அவ்வூர்களிலும் அது பரவியது. வைத்தியர்கள் சோதித்தும் உடல்நோய் எதுவும் தென்படவில்லை. மன அழுத்தம் கூட்டமாக வெளிப்பட்டதே காரணம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கருதினர். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இருக்கவில்லை. சிரிப்பவர் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

புன்னகைக்கும் இது பொருந்தும். டியூஷென் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1862 இல் முகத் தசைகளைப் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். உண்மையான மகிழ்ச்சியில் வாயின் ஓரங்கள் உயர்வதோடு கண்களைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்றும், அந்தக் கண் தசை எமது விருப்பப்படி எளிதில் இயங்காது என்றும் அவர் கண்டார். இதை வாசித்தபோது எனக்கு என் வகுப்புத் தோழியின் முகம் நினைவுக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தபோது அவளும் புன்னகைத்தாள். வாய் மட்டுமே புன்னகைத்தது. கூட்டத்துக்கு வெளியே நிற்க அஞ்சிய ஒருத்தியின் புன்னகை அது. என்னுடைய சிரிப்பும் அப்படிப்பட்டதுதான் என்று நினைக்கிறேன். ‘மறுகா’ எனக்கு உண்மையில் வேடிக்கையாக இருக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் அவர்களில் ஒருத்தி என்று காட்டிக்கொள்ள விரும்பினேன். ஒரு கூட்டம் சேர்ந்து சிரிக்கும்போது உள்ளே இருப்பவர்கள் நெருங்குகிறார்கள். யாரைக் குறித்துச் சிரிக்கிறார்களோ அவர் வெளியே தள்ளப்படுகிறார்.

பேச்சுவழக்கைப் பகிடி செய்யலாமா?

அப்படியானால் பேச்சுவழக்கு வேறுபாட்டைப் பகிடியாக்கவே கூடாதா? இலங்கைத் தமிழ் நகைச்சுவையின் ஒரு பொற்காலம் அதன்மேலேயே கட்டப்பட்டது என்று வாப்பா சொல்வார். இலங்கை வானொலியில் ஒலித்து, 1976 இல் திரைப்படமாகவும் வந்த ‘கோமாளிகள்’ பற்றித்தான் அவர் சொல்கிறார். அதில் எஸ். ராம்தாஸ் மரிக்காராக வந்து முஸ்லிம்களின் பேச்சுத்தமிழைப் பேசினார். டி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களம் கலந்த தமிழ் பேசினார். பி. எச். அப்துல் ஹமீட் ஐயராக நடித்தார். ராம்தாஸ் மரிக்காராகவும் அப்துல் ஹமீட் ஐயராகவும் மாறியதிலேயே ஒரு பகிடி இருக்கிறது.

அந்த மேடையில் எல்லோரும் இருந்தார்கள். மரிக்கார் ஒன்று சொன்னால் அப்புக்குட்டி திருப்பிச் சொல்ல முடிந்தது. எமது வகுப்பில் அன்று ஒருத்தி மட்டுமே நின்றுகொண்டிருந்தாள். முப்பது பேர் அமர்ந்திருந்தோம். அவளால் திருப்பிப் பகிடி சொல்லியிருக்க முடியுமா? பகிடிக்கும் கேலிக்கும் இடையிலான வேறுபாட்டை அறிய இந்த ஒரு கேள்வியே பெருமளவு உதவும் என நினைக்கிறேன். பதில் சொல்லக்கூடியவரோடு செய்வது பகிடி. பதில் சொல்ல முடியாதவரைப் பிடித்துவைத்துச் செய்வது வேறு.

அந்த வேறொன்றுக்கு நாட்டில் ஒரு பெயரும் உண்டு. பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்களுக்கு மூத்தவர்கள் இழைக்கும் கொடுமையைப் ‘பகிடிவதை’ என்கிறோம். பகிடியும் வதையும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்து நிற்கின்றன. அதைத் தடுப்பதற்கு 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அங்கும் கொடுமை செய்பவர்கள் சொல்லும் முதல் நியாயம், “பகிடிக்குத்தானே!” என்பதே.

அந்த வார்த்தையை நாம் வீட்டிலும் கேட்கிறோம். பெருநாளைக்குக் கூடும் உறவினர் நடுவில் ஒரு பிள்ளையின் நிறத்தையோ பருமனையோ திக்குவாயையோ வைத்துப் பெயர் சூட்டிக் கூப்பிடுவார்கள். அந்தப் பிள்ளையும் சிரிக்கும். ‘அவளுக்கு அதெல்லாம் கோபமில்லை’ என்று பெரியவர்கள் திருப்தி அடைவார்கள். அல்குர்ஆனின் 49 ஆம் அத்தியாயமான ஸூரத்துல் ஹுஜுராத், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கிறது. பெண்களைத் தனியாகக் குறிப்பிட்டும் சொல்கிறது. பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் அதே வசனத்தில் தடுக்கிறது. பெற்றோரிடம் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: பிள்ளை சிரிக்கும்போது அவளுடைய கண்களையும் ஒருமுறை பாருங்கள்.

இதனால் வீட்டிலும் வகுப்பிலும் பகிடியே வேண்டாம் என்று ஆகிவிடாது. எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பகிடிக்காரர் என் உம்மும்மாதான். அவர் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடிய கதையை அவரே நடித்துக் காட்டுவார். நாங்கள் உருண்டு சிரிப்போம். அவர் முன்வந்து தம்மையே பகிடியாக்கித் தரும்போது, தீங்கில்லை என்பதற்கு அவரே சாட்சியாகிறார்.

மறுகா நடந்தது

இரண்டாம் தவணை தொடங்கிய வாரம். இடைவேளையில் அந்தத் தோழி தண்ணீர்க் குழாயடியில் தனியே நின்று பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பல நாள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தோடு போய் நின்றேன். “அன்றைக்குச் சிரிச்சதுக்கு மன்னிச்சிக்கோங்க” என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பணிஸை இன்னொரு கடி கடித்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், “மறுகா கதைப்பம்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் அவளுடைய கண்கள் சுருங்கத் தொடங்கியதைக் கண்டேன். இருவரும் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறி, நான்தான் முதுகில் தட்டிவிட வேண்டியதாயிற்று. பாதை போட்டு, ஒரு கணம் நிறுத்தி, கடைசியில் திருப்பிவிடும் வித்தை அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. முதல் தவணையில் நாங்கள் சிரித்ததும் இதே சொல்லைக் கேட்டுத்தான். இம்முறை அதை எப்போது, யாரிடம் சொல்வது என்று தீர்மானித்தவள் அவள்.

அடுத்த தமிழ்ப் பாடவேளையில் யார் வாசிப்பது என்று ஆசிரியை கேட்டபோது அவள் கையை உயர்த்தினாள்.